பாலைவனத்துல கெடைச்ச கல்லை எப்படி வகைப்படுத்துறது: புதுசா வர்றவங்களுக்கு

விண்கல் பக்கம் புதுசா வர்றவங்க முதல்ல கேக்குறது "இது விண்கல் தானா"ங்கிறது, அடுத்து கேக்குறது "என்ன விலைக்குப் போகும்"ங்கிறது. மூணாவதா ஒரு கேள்வி இருக்கு, அதை அவ்வளவா யாரும் கேக்குறதில்ல, ஆனா எனக்கு அது தான் முக்கியமாப் படுது: இந்தக் கல்லுக்கு இதுவரைக்கும் என்னென்ன நடந்திருக்கு? விண்கல் டேட்டாபேஸ்ல ஒரு கல்லுக்கு நேரா "எல்6, எஸ்4, டபிள்யூ3"னு போட்டிருக்கும், பாக்குறதுக்கு ஏதோ பார்ட் நம்பர் மாதிரி தெரியும், ஆனா அதுல மூணு தனித்தனிக் கதை இருக்கு. முதல் துண்டு அந்தக் கல்லு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, தாய்ப்பாறைக்குள்ள, அதாவது அது ஒடைஞ்சு வந்த சிறுகோளுக்குள்ள, எவ்வளவு வெந்துச்சுங்கிறது. ரெண்டாவது, விண்வெளியில அது வாங்கின அடி. மூணாவது, பூமிக்கு வந்து மணல்ல கெடந்து துருப்பிடிச்ச அளவு. இந்த மூணையும் ஒண்ணோட ஒண்ணு போட்டுக் குழப்பாம தனித்தனியாப் படிக்கக் கத்துக்கிட்டா வகைப்படுத்துறதுல பாதி வேலை முடிஞ்சுது.

உதாரணத்துக்கு ரெண்டு கல்லை வச்சுக்குறேன். ஒண்ணு ஜிடத் அல் ஹராசிஸ் 073, ஓமன் நடுவுல இருக்குற வெளுத்த சுண்ணாம்புக்கல் சமவெளியில 2002ல கண்டுபிடிச்சது, எல்6 வகை. இன்னொண்ணு வடமேற்கு ஆப்பிரிக்கா 869, எல்லாரும் என்டபிள்யூஏ 869னு சொல்றது, சகாராவுல இருந்து வியாபாரிங்க வழியா வந்தது, டன் கணக்குல வெளிய வந்ததால விலை கம்மி, புதுசா பழகுறவங்க முதல்ல வாங்குற கல்லு பெரும்பாலும் இதாத்தான் இருக்கும். என் மேஜை மேலயும் ஒரு வெட்டின துண்டு இருக்கு.

எடுக்குறதுக்கு முன்னாடி

ஓமன்ல ஹைமா பக்கம் ரோடு வேலையில இருந்த நம்ம ஊரு தம்பி ஒருத்தர் ஒருநாள் வாட்ஸப்ல படம் அனுப்பினார், வெள்ளைத் தரையில ஒத்தையா ஒரு கறுப்புக் கல்லு, "அண்ணே எடுத்துக்கட்டுமா"ன்னு கேட்டார். எடுக்காதீங்கன்னு சொன்னேன். ஓமன்ல அனுமதி இல்லாம விண்கல்லை எடுத்துட்டு நாட்டை விட்டு வெளிய கொண்டு போறது சட்டப்படி குத்தம், ஏர்போர்ட்ல மாட்டினா வேலையும் போயிடும். அல்ஜீரியாவுலயும் வெளிய கொண்டு போகத் தடை இருக்கு. எந்த நாட்டுல நிக்கிறீங்களோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பாத்துட்டு அப்புறம் குனிங்க. நம்ம நாட்டுல விண்கல்லுக்குப் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, ஜிஎஸ்ஐ. 2008 செப்டம்பர்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி பக்கம் வயல்ல வந்து விழுந்த கல்லும் அவங்க கைக்குத் தான் போச்சு.

அனுமதி எல்லாம் இருந்தா, கல்லைத் தொடுறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, கெடக்குற கோலத்துலயே படம் எடுங்க, ஜிபிஎஸ் குறிச்சுக்கோங்க, எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னும் எழுதுங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஜிடத் அல் ஹராசிஸ் 073ல ஓமன், சுவிஸ் ஆய்வாளருங்க சேர்ந்து 3,400க்கு மேல துண்டுங்களை இப்படித் தான் இடம் குறிச்சு எடுத்தாங்க, மொத்தம் சுமார் 600 கிலோ, 19 கிலோமீட்டர் நீளத்துக்குச் செதறிக் கெடந்துச்சு. பெரிய துண்டு ஒரு கோடியிலயும் சின்னத் துண்டு மறு கோடியிலயும் விழும், கனமானது காத்தைக் கிழிச்சுக்கிட்டு தூரமாப் போகும், லேசானது சீக்கிரமே நின்னு விழுந்திடும், அதனால அந்த வரைபடத்தை வச்சே கல்லு எந்தத் திசையில இருந்து வந்துச்சு, வர்றப்ப எவ்வளவு பெருசா இருந்திருக்கும்னு கணக்குப் போட முடிஞ்சுது. என்டபிள்யூஏ 869 அதை விடப் பல மடங்கு எடை, ஆனா எந்த இடத்துல எந்தத் துண்டு கெடந்துச்சுன்னு எழுதி வைக்க ஆள் இல்ல, மூட்டையில சேர்ந்து சந்தைக்கு வந்துடுச்சு. அந்தக் கல்லை எடுத்துப் பாக்குறப்பல்லாம் எனக்கு இது மனசுல உறுத்தும். போன தகவலை இனிமே எந்த மெஷினாலயும் மீட்க முடியாது.

எடுக்குறப்ப க்ளவுஸ் போடுங்க, வேர்வையில இருக்குற உப்பு இரும்புக்கு ஆகாது. சுத்தமான ஜிப் கவர்ல போட்டு மூடுங்க, கழுவாதீங்க.

வீட்டுலயே பாக்கக்கூடியது

முதல்ல மேல் தோல். காத்து மண்டலத்துல உருகி ஒறஞ்ச கறுப்புத் தோல் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. புதுசா விழுந்ததுல மங்கின கறுப்பா இருக்கும், பாலைவனத்துல பல ஆயிரம் வருஷம் கெடந்ததுல மணல் காத்து தேச்சு தேச்சு பழுப்பா, சில இடத்துல பளபளன்னு ஆகியிருக்கும், பாதிக் கல்லுல தோலே போயிருக்கும். இங்க தான் நெறைய பேர் ஏமாறுறாங்க, ஏன்னா சகாராவுல சாதாரணப் பாறை மேலயும் இரும்பு மாங்கனீஸ் படிஞ்சு கறுப்பா மினுமினுப்பா ஒரு பூச்சு உண்டாகும். அதனால தோலை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. கல்லுக்குள்ள ஓட்டை ஓட்டையா குமிழி இருந்தா அது அநேகமா எரிமலைப் பாறை, இல்ல உலைக் கசடு.

அடுத்து பீங்கான் சோதனை. டைல்ஸோட பின்பக்கம் பூச்சு இல்லாத பகுதியில கல்லை அழுத்தித் தேயுங்க. செவப்பாக் கோடு விழுந்தா ஹெமடைட், கறுப்பாத் தடிமனா விழுந்தா மேக்னடைட், இந்த ரெண்டு இரும்புத் தாதுவும் தான் விண்கல் மாதிரி ஏமாத்துறதுல முன்னணி. நல்ல காண்ட்ரைட், அதாவது உள்ள சின்ன உருண்டைங்க இருக்குற கல் வகை விண்கல், பெரும்பாலும் கோடே போடாது. ரொம்பத் துருப்பிடிச்சதா இருந்தா லேசாப் பழுப்புக் கோடு வரும், அது பரவாயில்ல.

எடை பாக்குறதுக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு. சாதாரணமா கல்லைத் தண்ணியில முக்கி அடர்த்தி பாப்பாங்க, எனக்கு விண்கல்லைத் தண்ணியில போட மனசு வராது, அதனால கடுகு. ஒரு டம்ளர்ல கடுகைத் தலைதட்டி நெரப்பி வச்சுக்கோங்க, அதைக் கொட்டிட்டு கல்லை உள்ள வச்சு, அதே கடுகைச் சுத்தி நெரப்பித் தலைதட்டுங்க, மிஞ்சின கடுகோட அளவு தான் கல்லோட கன அளவு. ரெண்டு மூணு தடவை பண்ணி சராசரி எடுங்க. கல்லு 165 கிராம், மிஞ்சின கடுகு 50 மில்லின்னா அடர்த்தி 3.3. கருங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் 2.7 பக்கம் தான் வரும், சாதாரண காண்ட்ரைட்டுக்கு 3.2ல இருந்து 3.6 வரைக்கும் வரும். கைல தூக்குன உடனே "என்னடா இது, அளவுக்கு மீறி கனக்குதே"ன்னு தோணுறது இந்த வித்தியாசத்தால தான்.

காந்தம் பத்தி ஒரு வேண்டுகோள். நியோடைமியம் காந்தத்தைக் கல்லு மேல ஒட்டாதீங்க, தயவு செஞ்சு. கல்லுக்குள்ள கோடிக்கணக்கான வருஷமாப் பதிஞ்சு கெடக்குற பழைய காந்தப் பதிவை அது ஒரு நொடியில அழிச்சுடும். பாலைவனத்துல எடுத்த செவ்வாய்க் கல்லு ஒண்ணோட பல துண்டுங்க இப்படி காந்தம் பட்டே பதிவை இழந்துடுச்சுன்னு ஆய்வாளருங்க 2023ல எழுதியிருக்காங்க. ஒரு நூல்ல சின்ன, சாதாரண காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு தூரத்துல இருந்து மெதுவாக் கிட்ட கொண்டு வாங்க, நூல் லேசா சாஞ்சாலே போதும், தொடவே வேணாம்.

வெட்டிப் பாக்குறது

ஒரு மூலையைத் தட்டையாத் தேச்சா கூட நெறைய தெரியும். டைமண்ட் பிளேடு, கூலண்டா தண்ணிக்குப் பதிலா ஐசோபுரோபைல் ஆல்கஹால். தீப்பிடிக்குற சமாச்சாரம், அதனால காத்தோட்டமான எடத்துல, தீப்பொறி வராத செட்டப்ல, அனுபவம் இருக்குறவங்க கூட இருந்து பண்ணுங்க. என் மொதத் துண்டைக் கொழாத் தண்ணி விட்டு அறுத்தேன், ரெண்டு வாரத்துல வெட்டு முகம் முழுக்க ஆரஞ்சுப் புள்ளி, ஓரத்துல ஈரமா வேர்க்குற மாதிரி துளி துளியா. தண்ணியில இருந்தும் மண்ணுல இருந்தும் வர்ற குளோரைடு இரும்போட சேர்ந்தா அந்தத் துரு நிக்காம உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

இப்ப மேஜை மேல இருக்குற 869 துண்டைச் சொல்றேன். பத்து மடங்கு பெருசாக் காட்டுற லூப் லென்ஸை வச்சு வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பாத்தா சாம்பலும் பழுப்பும் கலந்த தரை, அதுல சின்னச் சின்ன உருண்டைங்க, கேப்பை அளவு, சிலது கடுகை விடச் சின்னது. அது தான் காண்ட்ரூல், 456 கோடி வருஷத்துக்கு முன்னாடி, கோள்கள் உருவாகுற காலத்துல விண்வெளியில உருகி மெதந்த துளிங்க ஒறஞ்சது. நடுநடுவுல வெள்ளி மாதிரி மின்னுற புள்ளிங்க இரும்பு-நிக்கல் உலோகம், அதை விடக் கொஞ்சம் மஞ்சளா பித்தளை சாயல்ல இருக்குறது ட்ராய்லைட், இரும்பு சல்ஃபைடு. துண்டை லேசாத் திருப்பினா உலோகப் புள்ளி ஒவ்வொண்ணா மின்னி மின்னி அணையும். 869ல இன்னொரு விசேஷம், வெளுத்த துண்டும் கறுத்த துண்டுமா ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும், ஏன்னா அது தாய்ப்பாறையோட மேல்தளத்துல பல தடவை நொறுங்கி மறுபடி இறுகினது, ஒரே கல்லுக்குள்ள வெந்த அளவைச் சொல்ற 3ல இருந்து 6 வரைக்கும் எல்லாப் படியும் இருக்கு, எல்3-6னு எழுதுறது அதனால தான்.

காண்ட்ரூல் இருந்தா காண்ட்ரைட். விழுறதைப் பாத்து எடுத்த விண்கல்லுல நூத்துக்கு எண்பதுக்கும் மேல சாதாரண காண்ட்ரைட் தான், அதனால உங்க கையில இருக்குறதும் அநேகமா அதுதான். காண்ட்ரூலும் இல்ல உலோகமும் இல்லன்னா சந்திரன், செவ்வாய், வெஸ்டா சிறுகோள்னு வேற பாதை, அதுக்கு இரும்பு-மாங்கனீஸ் விகிதமும் ஆக்சிஜன் ஐசோடோப்பும் வேணும், அதை இங்க எடுக்கல.

எச், எல், எல்எல்: இரும்பு எங்க இருக்கு?

வகைப்பாட்டோட உயிர்நாடி இது. ஒரு கல்லுல இரும்பு ரெண்டு விதமா இருக்கலாம், உலோகமா, இல்ல ஆக்சிஜனோட சேர்ந்து ஆலிவின், பைராக்சின் கனிமங்களுக்குள்ள. எச்னா மொத்த இரும்பும் அதிகம், 27 சதவீதம் பக்கம், அதுல பெரும்பகுதி உலோகம். எல்லுல மொத்தம் 22 பக்கம், உலோகம் கம்மி. எல்எல்லுல மொத்தம் 20 பக்கம், உலோகம் அங்கொண்ணும் இங்கொண்ணும் தான். உலோகமாக் கெடக்குற இரும்பு கொறையக் கொறைய ஆலிவினுக்குள்ள போற இரும்பு ஏறும். அதனால ஆலிவின்ல எவ்வளவு இரும்புன்னு அளந்தாலே கூட்டம் தெரிஞ்சுடும்.

ஆலிவின்ங்கிறது ஃபார்ஸ்டரைட், ஃபயலைட்னு ரெண்டு முனைக்கு நடுவுல இருக்குற கலவை, முதல்ல சொன்னது மெக்னீசியம், அடுத்தது இரும்பு. ஃபயலைட் பங்கு நூத்துக்கு 16ல இருந்து 20 வரைக்கும்னா எச், சுமார் 22ல இருந்து 26 வரைக்கும்னா எல், 27க்கு மேல 32 வரைக்கும்னா எல்எல். கால்சியம் கம்மியான பைராக்சின்ல இதே மாதிரி ஃபெரோசிலைட்ங்கிற இரும்பு முனையோட பங்கு, எச்சுக்கு 14.5ல இருந்து 18, எல்லுக்கு 19ல இருந்து 22, எல்எல்லுக்கு 22ல இருந்து 26. ரெண்டு எண்ணும் ஒரே கூட்டத்தைக் காட்டணும். ஃபயலைட் 24.6, ஃபெரோசிலைட் 20.8னு வந்தா சந்தேகமில்லாம எல்.

இதை அளக்குறது எலக்ட்ரான் மைக்ரோபுரோப், கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணின துண்டு மேல ஒரு மைக்ரான் அகலத்துல எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வர்ற எக்ஸ்ரேயை வச்சு எந்தத் தனிமம் எவ்வளவுன்னு சொல்லும். ஒரே இடத்துல அளந்துட்டு வந்துடாதீங்க, வேற வேற காண்ட்ரூல்ல, வேற வேற மணியில பத்து இருபது எடுக்கச் சொல்லுங்க.

பாலைவனக் கல்லுல இந்த மைக்ரோபுரோப் ஏன் கட்டாயம்னு புதுசா வர்றவங்களுக்குப் புரியுறதில்ல. காந்த ஏற்புத்திறனை, அதாவது காந்தப் புலத்துல கல்லு எவ்வளவு காந்தமாகுதுங்கிறதை, வச்சும் கூட்டத்தைப் பிரிக்கலாம், மடக்கை அளவுல எச்சுக்கு 5.3, எல்லுக்கு 4.9, எல்எல்லுக்கு 4.1 பக்கம் வரும், கல்லை ஒடைக்கவே வேணாம். ஆனா அது விழுந்த உடனே எடுத்த கல்லுக்குச் சரியா வரும். பத்தாயிரம் வருஷம் மணல்ல கெடந்து உலோகம் பாதி துருவாப் போன எச் கல்லு, அளந்தா எல் மாதிரி காட்டும். கண்ணால பாத்தாலும் உலோகம் கம்மியா இருக்கேன்னு எல்னு தான் சொல்லத் தோணும். ஆலிவின் அப்படி இல்ல, உலோகம் மொத்தமும் துருப்பிடிச்சதுக்கு அப்புறம் தான் அதுக்கு அழிவு ஆரம்பிக்கும், அதனால அது பழைய எண்ணை அப்படியே வச்சிருக்கும். துருவைப் பாத்து ஏமாறாம ஆலிவின்கிட்ட கேளுங்க.

3ல இருந்து 6 வரைக்கும் இருக்குற எண்

இது 1967ல வான் ஷ்மஸும் வுட்டும் வகுத்த அளவு. கல்லு தாய்ப்பாறைக்குள்ள எவ்வளவு சூட்டுல எவ்வளவு காலம் வெந்துச்சுங்கிறதை இது சொல்லும். இதுக்குத் தின் செக்‌ஷன் வேணும், கல்லைக் கண்ணாடி மேல ஒட்டி 0.03 மில்லிமீட்டர் வரைக்கும் தேச்சது, அந்த அளவுல கல்லே கண்ணாடி மாதிரி ஒளியை விடும்.

போலரைசிங் மைக்ரோஸ்கோப்ல முதல் தடவை பாக்குறவங்க அப்படியே ஒக்காந்துடுவாங்க. வெளிய பாத்தா அழுக்குப் பழுப்புக் கல்லு, உள்ள ஆலிவின் ஒவ்வொரு மணியும் நீலம், மஞ்சள், ரோஸ்னு எரியும், பைராக்சின் சாம்பலும் வெளிர் மஞ்சளுமா அடங்கி நிக்கும். சில காண்ட்ரூல் ஜன்னல் கம்பி மாதிரி வரிசையா ஆலிவின் பட்டைங்க, தட்டைத் திருப்பினா எல்லாக் கம்பியும் ஒரே நேரத்துல இருட்டாகும், ஏன்னா மொத்தமும் ஒரே படிகம். சிலது ஒரு ஓரத்துல இருந்து பனையோலை விசிறி மாதிரி விரியுற பைராக்சின்.

3ம் படியில காண்ட்ரூல் வரம்பு கத்தி மாதிரி தெளிவா இருக்கும், உள்ள கண்ணாடி மிஞ்சியிருக்கும், ஆலிவின்ல இரும்பு அளவு மணிக்கு மணி மாறும். 4ல ஆலிவின் எல்லாம் ஒரே அளவாயிடும், காண்ட்ரூல் இன்னும் தெளிவு தான். 5ல ஓரம் மங்கும். 6ல காண்ட்ரூலைத் தேடணும், சுத்தி இருக்குற படிகத்தோட கரைஞ்சு போயிருக்கும், பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார்ங்கிற கனிமம் 50 மைக்ரானுக்கு மேல வளர்ந்திருக்கும். 5ஆ 6ஆன்னு தடுமாறுறப்ப இந்த ஃபெல்ட்ஸ்பார் அளவு தான் கை கொடுக்கும், காண்ட்ரூல் தெளிவுங்கிறது பாக்குறவங்க கண்ணைப் பொறுத்து மாறும்.

நம்ம ஊர்க் கல்லுங்களை வச்சுச் சொன்னா மனசுல நிக்கும். 1940ல மத்தியப் பிரதேசத்துல விழுந்த செமர்கோனா எல்எல்3.00, சூடே பெருசாப் படாதது, உலகத்துலயே ரொம்பப் பச்சையா மிஞ்சின காண்ட்ரைட்டுல ஒண்ணு. சூளகிரிக் கல்லு எல்எல்6, அதே கூட்டம், ஆனா நல்லா வெந்தது. ஜப்பானோட ஹயபுசா விண்கலம் இட்டோகாவா சிறுகோள்ல இருந்து 2010ல கொண்டு வந்த தூசியும் எல்எல் வகை தான், 4ல இருந்து 6 வரைக்கும்.

எஸ்: வாங்கின அடி

அதே தின் செக்‌ஷன்ல ஆலிவினைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. ஒரே நொடியில மொத்த மணியும் இருட்டானா எஸ்1. அலை மாதிரி இருட்டு நகர்ந்து போனா எஸ்2. நேர்கோடா, ஒண்ணுக்கொண்ணு இணையா விரிசல் இருந்தா எஸ்3. மணி துண்டு துண்டா, மொசைக் தரை மாதிரி இருட்டானா எஸ்4. ஃபெல்ட்ஸ்பார் உருகாமலே கண்ணாடியா மாறியிருந்தா எஸ்5, அந்தக் கண்ணாடிக்கு மாஸ்கெலினைட்னு பேரு. எஸ்6ல உருகின நரம்புங்க ஓரத்துல ஆலிவினே அதிக அழுத்தத்துல உண்டாகுற ரிங்வுடைட்டா மாறியிருக்கும், ஆஸ்திரேலியாவுல 1879ல விழுந்த டென்ஹாம் கல்லுல தான் ரிங்வுடைட்டை 1969ல முதல்ல அடையாளம் கண்டாங்க, அதுவும் ஒரு எல்6. எல் கூட்டத்துல பலமா அடிபட்ட கல்லு நெறைய, ஏன்னா சுமார் 47 கோடி வருஷத்துக்கு முன்னாடி அதோட தாய்ச் சிறுகோள் மோதி ஒடைஞ்சுச்சு, அப்ப வந்து விழுந்த கல்லுங்க ஸ்வீடன்ல சுண்ணாம்புக்கல் குவாரிக்குள்ள புதைஞ்சு இன்னைக்கும் கெடைக்குது.

டபிள்யூ: பாலைவனம் செஞ்ச வேலை

பாலிஷ் பண்ணின முகத்தை மேல இருந்து ஒளி அடிச்சுப் பாருங்க. உலோகம் வெள்ளையா, ட்ராய்லைட் இளமஞ்சளா, துரு சாம்பலா தெரியும். உலோகம் சுத்தமா இருந்தா டபிள்யூ0. ஓரத்துல மட்டும் துருன்னா 1. உலோகமும் ட்ராய்லைட்டும் சேர்த்து 20ல இருந்து 60 சதவீதம் போயிருந்தா 2, 60ல இருந்து 95 வரைக்கும் 3, அதுக்கு மேல 4. ஆலிவின், பைராக்சின் மாதிரி சிலிக்கேட் கனிமங்களே அழிய ஆரம்பிச்சா 5, பெரும்பகுதி களிமண்ணும் துருவுமா மாறிட்டா 6.

இதை வயசுன்னு நெனைக்காதீங்க. ஒரே நாள்ல விழுந்த ரெண்டு துண்டு, ஒண்ணு மேட்டுல ஒண்ணு தண்ணி தேங்குற பள்ளத்துல கெடந்தா ரெண்டுக்கும் வேற வேற டபிள்யூ வரும். எப்ப விழுந்துச்சுன்னு தெரியணும்னா கார்பன்-14 பாக்கணும், ஜிடத் அல் ஹராசிஸ் 073க்கு அப்படித் தான் 14,000 வருஷம் பக்கம் வந்துச்சு. இன்னொண்ணு, விரிசலுக்குள்ள வெள்ளையா எதாச்சும் நெரம்பியிருந்தா அது ஜிப்சம், கால்சைட், பேரைட்னு பூமி சரக்கு, மண்ணுல இருந்து ஊறி ஏறினது. பாலைவனக் கல்லுல ஸ்ட்ரான்சியம், பேரியம் கூடுதலா வந்தா விண்வெளியில இருந்து வந்ததுன்னு குதிச்சுடாதீங்க.

பேர் வாங்குறது

உங்க கிட்ட எவ்வளவு டேட்டா இருந்தாலும், மீட்டியரிட்டிக்கல் சொசைட்டிங்கிற சர்வதேச விண்கல் ஆய்வாளர் சங்கத்தோட பெயர்க் குழு ஏத்துக்கிட்டா தான் அது அதிகாரப்பூர்வம். அதுக்கு ஒரு ஆய்வகம் முன்வரணும், நம்ம நாட்டுல அகமதாபாத்ல இருக்குற இயற்பியல் ஆய்வுக்கூடம் பிஆர்எல்லும் ஜிஎஸ்ஐயும் இந்த வேலை பாக்குறாங்க. மொத்த எடையில 20 சதவீதம், இல்ல 20 கிராம், எது கம்மியோ அதை மாதிரித் துண்டா ஒரு அங்கீகரிச்ச நிறுவனத்துல நிரந்தரமா வைக்கணும். 60 கிராம் கல்லுன்னா 12 கிராம், 2 கிலோ கல்லுன்னா 20 கிராம். இதுக்குக் கணக்குப் பாத்துத் தயங்குறவங்க உண்டு, ஆனா நாளைக்கு ஒருத்தர் உங்க எண்ணைச் சந்தேகப்பட்டா திரும்ப அளந்து பாக்க அந்தத் துண்டு ஒண்ணு தான் இருக்கும், அதனால யோசிக்காம கொடுத்துடுங்க.

ஆய்வகத்துக்கு அனுப்புறப்ப கூட வைக்க வேண்டியது: எடுத்த இடத்தோட ஜிபிஎஸ், தேதி, மொத்த எடை, எத்தனை துண்டு, கெடந்த இடத்துல எடுத்த படம், அனுமதிக் காகிதத்தோட நகல். ஜிபிஎஸ் இருந்தா அந்த இடத்துப் பேரோட எண் வரும், ஜிடத் அல் ஹராசிஸ், தோஃபார், சய்ஹ் அல் உஹய்மிர் இப்படி. சகாராவுல எடம் தெரியாம சந்தையில வாங்கினதுக்கு வடமேற்கு ஆப்பிரிக்கான்னு ஒரு பொதுப் பேரும் எண்ணும். மாசக் கணக்குல ஆகலாம், அதுவரைக்கும் கல்லை சிலிகா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க, ஜெல் நிறம் மாறினா மாத்துங்க. எண் வந்ததும் ஒரு சின்னக் காகிதத்துல பேரு, எண், வகை, எடை எழுதி கல்லோட அதே டப்பாவுக்குள்ள போட்டுடுங்க, துண்டு ரெண்டா ஒடைஞ்சா காகிதமும் ரெண்டு.